காலந்தாழ்ந்து வந்த இரசிகைகள்

இசைக்கு மயங்காதவர் உலகில் இல்லை என்பார்கள். ஆனால் மயங்குவது வேறு, கேட்பது வேறு. காதில் விழும் பாட்டுக்குத் தலையாட்டுவது மயக்கம். அதை ஆக்கியவர் யார், எந்த ஆண்டில் ஆக்கினார், குரலுக்குப் பின்னால் எந்தெந்தக் கருவிகள் பேசுகின்றன என்று செவி கொடுப்பது கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அறுவர், மயக்கத்திலிருந்து கேள்விக்கு மெல்ல நடந்து வந்த கதையை இந்த ஆண்டு மலரில் எழுத விழைகிறோம்.

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடும் பேருந்தில் ஏறாத கீரனூர்க்காரர் யார்? அந்தப் பேருந்துகளில் நாள் முழுதும் ஒலிப்பவை பெரும்பாலும் இளையராஜாவின் பாடல்களே. எங்களுக்கு அவை 'அப்பா காலத்துப் பாட்டு'. மனப்பாடமாகத் தெரியும், ஆனால் மனத்தில் இல்லை. 2025-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் அவர் இலண்டனில் 'வேலியண்ட்' என்ற தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது அவருக்கு வயது 81. அச்செய்தி காலைக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டபோது எங்களுக்குள் ஒரு வினா எழுந்தது. 81 வயதில் புதிதாக ஒன்றைத் தொடங்கும் மனிதர், அதற்கு முன் என்னதான் செய்து வைத்திருக்கிறார்?

எங்கள் பாடகர் குழுவை நடத்தும் அருட்சகோதரியிடம் அனுமதி கேட்டோம். சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு முடிந்தபின் இசையறையில் ஒரு மணி நேரம் தந்தார். பென் டிரைவில் பாடல்களைச் சேர்த்துத் தந்தவர் எங்களில் ஒருத்தியின் அண்ணன். இன்னொருத்தியின் அம்மா, தாம் கல்லூரியில் படித்தபோது ரெக்கார்டிங் சென்டரில் பதிவு செய்து வாங்கிய கேசட்டுகளைப் பரணிலிருந்து எடுத்துத் தந்தார். அவற்றின் அட்டைகளில் முத்து முத்தான கையெழுத்தில் படப் பெயர்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் எங்கள் முதல் பட்டியலைத் தயாரித்தோம்.

பட்டியல் போடும்போதே மலைத்துப் போனோம். முதல் படம் 1976-இல் வந்த 'அன்னக்கிளி'. 100-ஆவது படம் 1980-இல் வந்த 'மூடுபனி'. 400-ஆவது 1987-இல் வந்த 'நாயகன்'. 500-ஆவது 1990-இல் வந்த 'அஞ்சலி'. 1000-ஆவது 2016-இல் வந்த 'தாரை தப்பட்டை'. கணக்கில் கெட்டிக்காரியான தோழி ஒருத்தி சொன்னாள்: "வாரம் ஒரு படமென்று கேட்டால்கூட ஆயிரம் படத்துக்குப் பத்தொன்பது வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள நம்ம பிள்ளைகளே இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கும்!" சிரித்துவிட்டு ஒரு விதி வகுத்தோம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு படம். ஆண்டு வரிசை மாறக்கூடாது. முதல் முறை கேட்கும்போது யாரும் கூடப் பாடக்கூடாது. மூன்றாவது விதிதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

அவர் வரலாற்றையும் கூடவே படித்தோம். 1943-இல் இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் சேர்ந்து இளம் வயதிலேயே ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தவர். 1968-இல் சகோதரர்களுடன் சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையையும் அதை எழுதும் முறையையும் கற்றார். கிட்டாரில் இலண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதித் தேறினார். ஜி.கே. வெங்கடேஷ் என்ற இசையமைப்பாளரிடம் கிட்டார் வாசிப்பவராகவும் உதவியாளராகவும் உழைத்தார். பிறகுதான் பஞ்சு அருணாசலம் வழியாக 'அன்னக்கிளி' கிட்டியது. சென்னைக்கு வந்ததற்கும் அதற்கும் இடையில் எட்டு ஆண்டுகள். நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது முதல் இன்றுவரையுள்ள காலத்தைவிட அது நீண்டது. புகழை எல்லாரும் காண்கிறார்கள். அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளை யாரும் காண்பதில்லை.

கேட்கக் கேட்க எங்கள் காது மாறியது. மின்கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் ஆகியவை 1950-களில் அமெரிக்காவில் பிறந்து, 1960-களில் பீட்டில்ஸ் குழுவால் உலகெங்கும் பரவிய ராக் இசையின் முதன்மைக் கருவிகள். அவற்றை அவர் நம் ஊர்ப் பாட்டுக்குள் கொண்டுவந்து அமர்த்தியிருக்கிறார். 'மூடுபனி'யில் ஒரு கிட்டார் பாட்டு உண்டு. 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை'யிலும் ஒன்று உண்டு. அதில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். ஒரு சனிக்கிழமை முழுவதும் பாடகரை விட்டுவிட்டுப் பேஸ் கிட்டாரை மட்டுமே பின்தொடர்ந்தோம். குரலுக்கடியில் அது தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்கவில்லை. தனியே ஒரு மெட்டைத் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே போகிறது. எத்தனையோ முறை பேருந்தில் கேட்ட பாட்டு. அன்றுதான் அதற்குள் இரண்டாவது பாட்டு இருப்பது தெரிந்தது.

'சிட்டுக்குருவி' (1978) எங்களுக்குப் பாடமே ஆகிவிட்டது. எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பி. சுசீலாவும் பாடிய ஒரு பாட்டில் இருவேறு மெட்டுகள் ஒரே நேரத்தில் மோதாமல் நடக்கின்றன. ஓடும் பேருந்தில் நடக்கும் பாட்டு அது; நடுவில் நடத்துநர் நிறுத்தத்தின் பெயர் சொல்லுவதுகூட இசைக்குள் பொருந்திவிடுகிறது. "இதைத்தான் கவுன்ட்டர்பாயின்ட் என்பார்கள். பாக் என்ற ஜெர்மானிய மேதை இதில் கரைகண்டவர்" என்றார் அருட்சகோதரி. அடுத்த வாரமே திருப்பலிப் பாடல் ஒன்றில் எங்களை இரு பிரிவாகப் பிரித்து, இரு மெட்டுகளைப் பாடச் செய்தார். பக்கத்தில் நிற்பவள் வேறொன்று பாடும்போது நம் மெட்டை விடாமலும் அவளை அமுக்காமலும் பாடுவது எத்தனை பெரிய பயிற்சி! ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒரே சுரத்தைப் பாடுவது மட்டுமன்று என்று அன்று புரிந்தது.

எல்லாம் தடையின்றி நடந்துவிடவில்லை. "பிளஸ் டூ வருஷத்துல சினிமாப் பாட்டு எதுக்கு சிஸ்டர்?" என்று ஒரு தாயார் வந்து கேட்டார். அருட்சகோதரி கோபிக்கவில்லை. நாற்காலி போட்டு அமரச் சொல்லி, எங்கள் குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்தார். அன்றைய பக்கத்தில் 1985-இல் வந்த 'சிந்து பைரவி' பற்றி எழுதியிருந்தோம். நாட்டுப்புற மெட்டில் தொடங்கும் ஒரு பாட்டு, சாரமதி இராகத்தின் வழியே தியாகராசரின் கீர்த்தனை ஒன்றோடு கலந்துவிடுவதையும், அப்பாட்டுக்காகச் சித்ராவுக்குத் தேசிய விருது கிடைத்ததையும், அப்படத்தின் இசைக்காக இளையராஜாவுக்கும் விருது கிடைத்ததையும் குறித்திருந்தோம். அந்தத் தாயார் வெகுநேரம் வாசித்தார். "எழுத்து நல்லாத் திருந்தியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவருடைய மகள் கையில் எங்கள் எல்லாருக்கும் முறுக்கு வந்தது.

திரைப்படத்துக்கு வெளியே அவர் ஆக்கியவற்றையும் தேடினோம். 1986-இல் 'ஹௌ டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பைத் தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னிற்கிறது. 1988-இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். 2005-இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு இசைத்தார். அம்முயற்சிக்குப் பின்னின்றது கத்தோலிக்கக் குருவான தந்தை ஜெகத் கஸ்பர் ராஜின் தமிழ் மையம் என்பதை அறிந்து மகிழ்ந்தோம். 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தவரும் ஜி.யு. போப் என்ற கிறிஸ்தவப் போதகர்தாமே!

பழைய இசையைப் புதிதாகக் கேட்க வருவோர் எக்காலத்திலும் உண்டு. மத்தேயு நற்செய்தியின்படியான திருப்பாடுகளுக்குப் பாக் அமைத்த பேரிசை, அவர் 1750-இல் மறைந்தபின் ஏறத்தாழ மறக்கப்பட்டுக் கிடந்தது. மெண்டல்சன் என்ற இளைஞருக்கு அவர் பாட்டி அதன் கைப்பிரதி ஒன்றைத் தந்தார். 1829-இல், தம் 20-ஆம் வயதில், பெர்லின் நகரில் அவர் அதை மீண்டும் ஒலிக்கச் செய்தார். பரணிலிருந்து கேசட் எடுத்துத் தந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நான் அந்தப் பாட்டியா?" என்று சிரித்தார்.

நம் மாவட்டத்திலேயே இன்னும் பழைய சான்று உண்டு. விடுமுறையில் குடுமியான்மலைக்குச் சென்று, குடைவரைக் கோயிலருகே பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டைக் கண்டோம். 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். ஏழு இராகங்களுக்குரிய சுரங்கள் ஏழு பகுதிகளாகக் கல்லில் நிற்கின்றன. உருத்திராசாரியாரின் மாணவனான ஓர் அரசன் மாணவர் நலனுக்காகச் செய்வித்தது என்று அக்கல்வெட்டே கூறுகிறது. சுரம் இருக்கிறது, அன்று பாடியவர் குரலைக் கேட்க வழியில்லை. நமக்கோ ஐம்பது ஆண்டு இசை அப்படியே கைக்குள் இருக்கிறது. கேட்கத்தான் நேரமில்லை என்கிறோம்.

இனிச் சொல்லப்போவதை எங்கள் தோழி ஒருத்தியின் இசைவோடு எழுதுகிறோம். வரிசைப்படி 1000-ஆவது படமான 'தாரை தப்பட்டை'க்கு வந்தோம். படத்தைப் பார்க்கவில்லை, இசையை மட்டும் கேட்டோம். அதன் பின்னணி இசைக்குத் தேசிய விருது கிடைத்திருக்கிறது. தப்பின் அடி அறையை நிறைத்தபோது, எப்போதும் கடைசியில் பேசுகிற அந்தத் தோழி முதலில் வாய் திறந்தாள். "சின்னதா ஒலிக்குதே, அது சிண்டுக்குச்சி. கனமா விழுறது அடிக்குச்சி" என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "எங்க அப்பா தப்படிக்கிறவர்" என்றாள். ஆறாம் வகுப்பிலிருந்து எங்களோடு படிப்பவள். திருவிழாவுக்கும் இழவுக்கும் அழைக்கப்படும் தந்தையைப் பற்றி அதுவரை அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

பொங்கல் விழாவுக்கு அவரை அழைக்கலாமா என்று தலைமையாசிரியை அவளிடமே கேட்டார். அவள் வீட்டில் சொன்னபோது, "அது எதுக்கு ஆத்தா பள்ளிக்கூடத்துக்கு? ஒன்னைய எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாக" என்றாராம் தந்தை. "பாக்கட்டும்ப்பா" என்றாளாம் அவள்.

அவர் வந்தார். மைதான ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். தட்டிப் பார்ப்பதும் மீண்டும் அனலில் காட்டுவதுமாக இருந்தார். மந்தமாக ஒலித்த தோல், சூடேற ஏறக் கணீரென்று பேசத் தொடங்கியது. சிறு வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். "காயாத தப்பு பேசாது பாப்பா" என்று அவர்களுக்குச் சொன்னார். பிறகு பத்து நிமிடம் அடித்தார். முகம் சுளித்தவர் ஓரிருவர். கைதட்டியவர் மிகப் பலர். முடிந்ததும் எங்கே அமர்வதென்று தெரியாமல் அவர் நின்றபோது, தலைமையாசிரியை முன்வரிசையில் தம் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். தப்பை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். ஒலிபெருக்கியில் தந்தையின் பெயரைச் சொல்லி நன்றி கூறியவள் எங்கள் தோழிதான். அவள் குரல் நடுங்கவில்லை.

இளைய தோழியரே! ஒரு பெரிய கலைஞரைக் காலந்தாழ்ந்து கண்டடைவதில் குறைவொன்றுமில்லை. ஐம்பது ஆண்டு விருந்து உங்களுக்காக ஆறாமல் காத்திருக்கிறது. எங்கள் குறிப்பேட்டை இசையறை அலமாரியில் விட்டுச் செல்கிறோம். அதில் இன்னும் பாதிக்கு மேல் வெற்றுத்தாள்கள். ஆண்டு வரிசையாகக் கேளுங்கள். முதல் முறை கேட்கும்போது கூடப் பாடாதீர்கள். அருகிலிருப்பவள் ஏதேனும் சொல்ல வாயெடுத்தால், பாட்டை நிறுத்திவிட்டு அவளைக் கேளுங்கள்.