சம்பளத்துடன் ஒரு ஸதகா



சில மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் திண்டுக்கல் பேகம்பூரில் என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். அவர் சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிபவர். "வேலை நாளில் ஊரில் என்ன தம்பி?" என்று வினவினேன்.

"சேவைப் பணிக்கென்று எங்கள் நிறுவனம் ஆண்டுக்குச் சில நாள்கள் சம்பளத்துடன் விடுப்புத் தருகிறது ஹஜ்ரத். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை இணையத்தில் பதிவு செய்துகொடுக்க வந்தேன்" என்றவர், சற்றுத் தயங்கி, "சம்பளம் வாங்கிக்கொண்டே செய்கிறேன். இதற்கு நன்மை உண்டா?" என்று கேட்டார்.

"கூலிக்குச் செய்வது வேலை; கூலியின்றிச் செய்வதே ஸதகா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன். அவர் தலைகுனிந்து சென்றார்.

அன்றிரவு, ஜமாஅத்தார் தந்த என் மாதச் சம்பள உறை கண்ணில் பட்டது. நானும் கூலி பெற்றுத்தானே குர்ஆன் ஓதிக்கொடுக்கிறேன்! ஹனஃபி மத்ஹபின் முற்கால அறிஞர்கள் இதற்கு ஊதியம் பெறுவதை ஏற்கவில்லை. ஆசிரியர்கள் பிழைப்புத் தேடிப் போய்விட்டால் மார்க்கக் கல்வியே அழிந்துவிடும் என்று அஞ்சிப் பிற்கால அறிஞர்கள் அனுமதித்தனர். கலீஃபா ஆன பின்னும் துணி விற்கச் சந்தைக்குப் புறப்பட்ட அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு, மக்கள் பணி தடைபடக் கூடாதென்று பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை நிர்ணயிக்கப்பட்டது. அதனால் அவர்களின் இக்லாஸ் குறைந்ததென்று எவரும் கூறியதில்லை.

நம் நாட்டில் இத்தகைய விடுப்பை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. ஆனால் ஊழியர் செலவிடும் நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு அந்தக் கணக்கில் சேர்க்க இயலாதென 2021-இல் அரசு தெளிவுபடுத்தியது. அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு 7 நாள்கள் இவ்வாறு தருகின்றன. பொழுதைத் தருவது நிறுவனம். அப்பொழுதில் உழைப்பையும் கனிவையும் தருவது ஊழியர். இருவருக்கும் அவரவர் நிய்யத்துக்கேற்ற கூலி அல்லாஹ்விடம் உண்டு.

மறுநாள் நானே அவரைத் தேடிச் சென்றேன். உடன் வந்த நண்பர்கள் நிறுவனத்துக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டு நண்பகலிலேயே கிளம்பிவிட்டனராம். அவர் மட்டும், வங்கிக் கணக்கு எண் தவறாக இருந்த ஒரு சிறுமியின் விண்ணப்பத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். அவளுடைய தாயார், தோல் ஷாப்பில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், அருகில் காத்திருந்தார்.

"தம்பி, நேற்று நான் சொன்னது தவறு" என்றேன். "சம்பளம் உங்கள் நன்மையை அழிக்காது. ஆனால் இந்த விடுப்பு ஓர் அமானிதம். சேவைக்கென்று பெற்ற நாளைச் சொந்த ஓய்வுக்குச் செலவிட்டால் அது மோசடி. படத்துக்காகவே செய்தால் அது முகஸ்துதி."

அவர் புன்னகைத்து, "இன்னும் ஆறு விண்ணப்பங்கள் இருக்கின்றன ஹஜ்ரத்" என்றார். நானும் அமர்ந்து, சான்றிதழ்களை எடுத்துக்கொடுத்தேன். மஃரிப் பாங்கு ஒலித்தபோதுதான் எழுந்தோம்.

நம் ஊதியத்தையும் உழைப்பையும் அல்லாஹ் ஹலாலாக்கி, தூய எண்ணத்துடன் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.