வரப்போரத்துப் போர்ப்பூ

வெளுத்த வேட்டிக்கு இன்றும் தும்பைப்பூவைத்தான் உவமை சொல்கிறோம். சொல்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பூவைக் கையால் பறித்திருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான். பூக்கடையில் தினமும் கிடைக்கிற சரக்கு இல்லை அது.

தும்பை, துளசியின் குடும்பம். தண்டு நாலு பட்டை. விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்த்தாலே தெரியும். கணுவுக்குக் கணு பச்சை உருண்டையாக ஒரு கொத்து, அதைச் சுற்றிப் பூக்கள். பூவின் மேலுதடு சின்னது, ரோமம் அடர்ந்தது. கீழுதடுதான் பெரிதாக விரிந்து, வருகிற பூச்சிக்குத் திண்ணை போட்டுவைத்த மாதிரி நீண்டிருக்கும். லேசாக இழுத்தால் பூ தனியே வந்துவிடும். குழலின் அடியை உறிஞ்சினால் நாக்கு நுனியில் துளித் தேன். கொத்துக்குள் எறும்பு இருக்கும். ஊதிவிட்டு வாயில் வைப்பது நல்லது.

இந்தப் பூவையா போருக்குச் சூடினார்கள்! தொல்காப்பியம் நெய்தலுக்குப் புறமாகத் தும்பையை வைக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி, மண்ணாசையில் படையெடுப்பது வஞ்சி, கோட்டையை வளைப்பது உழிஞை. தும்பையிலோ மண்ணும் இல்லை, மாடும் இல்லை. யார் வலியவன் என்று காட்டவே இரு வேந்தர் நேருக்கு நேர் மோதுகிறார்கள். அத்தனை கடுமையான கட்டத்துக்கு இத்தனை சிறிய பூ ஏன்? என் ஊகம் இதுதான்: தும்பை வெட்டவெளிச் செடி. தரிசிலும் மேய்ச்சல் தரையிலும் தானாக முளைக்கும். இரண்டு படைகள் எதிரெதிரே நிற்பதற்கும் அப்படி ஒரு வெளிதானே வேண்டும்? குனிந்தால் கைக்கு எட்டிய பூவைச் சூடியிருப்பார்கள். மதில் காத்தவர்கள் சூடிய நொச்சியையும் தாவரவியலார் இப்போது இதே குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

கேரளத்தில் இதற்கு இன்னும் மவுசு உண்டு. ஓணப் பூக்களத்தில் தும்பைக்குத் தனி மரியாதை. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய தும்பாவும் இந்தச் செடியின் பெயரைத் தாங்கிய மீனவக் கிராமம்தான்.

சளிக்குப் பூவைப் பாலில் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பது பாட்டி வைத்தியம், இருக்கட்டும். பாம்புக் கடிக்குத் தும்பைச் சாறு என்று யாராவது சொன்னால் மட்டும் காதில் வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

களைக்கொல்லி டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிருக்குள் முளைத்த தும்பையைப் பிடுங்கிப் போடுங்கள், அது உங்கள் பிழைப்பு. வரப்போரத்தில் நிற்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அதைத் தேடி வருகிற தேனீக்கள்தான் உங்கள் பூசணிப் பூவுக்கும் போகின்றன.