கடைத்தெருவுக்குப் போகும் வரிப்பணம்

அமெரிக்கச் சிறுநகரங்களில் கடைத்தெரு களையிழந்துவிட்டால் நகரசபை முதலில் தேடுவது 'டிஃப்' என்ற வழியைத்தான். 1952-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. ஒரு பகுதியின் இன்றைய சொத்து மதிப்பை அப்படியே நிறுத்திவைப்பார்கள். பிறகு மதிப்பு ஏறினால், ஏறியதற்கான வரி மட்டும் தனிக்கணக்கில் சேரும். சாலை, சாக்கடை, கட்டட உதவி எல்லாம் அந்தப் பணத்தில்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வரியில் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டே! இல்லினாய்ஸில் பொதுவாக 23 ஆண்டுகள் வரை அந்தப் பங்கு கடைத்தெருவுக்குத் திருப்பிவிடப்படுகிறது. எந்த உதவியும் இல்லாமலே வந்திருக்கக்கூடிய கடைக்கும் அதே பணம் போனால் அது அநியாயம். கலிபோர்னியா, டிஃப் பணத்தில் இயங்கிய தன் மறுமேம்பாட்டு முகமைகளை 2012-இல் கலைத்தே விட்டது.

எனக்குப் பிடித்த வழி, ஓஹையோ ஆற்றங்கரையில் உள்ள மேடிசன் என்ற ஊரின் வழி. 1977-இல் தொடங்கிய 'மெயின் ஸ்ட்ரீட்' முயற்சியின் மூன்று முன்னோடி ஊர்களில் அது ஒன்று. பழைய கடைகளை இடிக்காமல் சீர்செய்து பிழைக்கவைப்பதுதான் அங்கே நடப்பது. வரலாற்றுக் கட்டடத்தைப் புதுப்பித்து வணிகத்துக்கு விடுபவருக்கு மத்திய அரசு தரும் 20 சதவீத வரிச்சலுகையும் நியாயமானது. வேலை முடிந்து கட்டடம் பயன்பாட்டுக்கு வந்த பிறகே கிடைக்கும்.

டிஃப் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இல்லினாய்ஸில் பள்ளி மாவட்டமும் உட்காரும் மறுஆய்வுக் குழு இருக்கிறது. அது மறுத்தாலும், ஐந்தில் மூன்று பங்கு வாக்கிருந்தால் நகரசபை டிஃப் திட்டத்தை நிறைவேற்றிக்கொள்ளலாம். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.