சிவப்பு சாக்ஸ்

மதுரையிலிருந்து ஆக்லாந்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு ஒன்பது வயது. சாண்ட்ரிங்காம் சாலையில் இருந்த டெய்ரிக்கு அப்பாவோடு போவேன். நம்மூர்ப் பெட்டிக்கடைக்கு இங்கே டெய்ரி என்று பேர். பால்பண்ணையாக்கும் என்று அம்மா முதல் நாள் தூக்குச்சட்டியோடு கிளம்பியது தனிக்கதை.

கடை வாசலில் கம்பிச் சட்டத்துக்குள் அன்றைய பேப்பரின் வால்போஸ்டர் நிற்கும். ஊரில் தினத்தந்தி வால்போஸ்டரைப் பார்க்காமல் அப்பாவுக்கு டீ இறங்காது. கடல் தாண்டியும் அந்தப் பழக்கம் விடவில்லை. என்னை வாசிக்கச் சொல்வார்.

1995 மே மாதம். "சிவப்பு சாக்ஸ்னு போட்டிருக்குப்பா."

"தள்ளுபடி விளம்பரமாடா?"

கடைக்காரர் குஜராத்திக்காரர். சிரித்துக்கொண்டே பேன்ட்டைத் தூக்கிக் காட்டினார். அவர் காலிலும் சிவப்பு! சான் டியேகோவில் அமெரிக்கா கோப்பைக்கான பாய்மரப் படகுப் போட்டி. நியூசிலாந்து அணித் தலைவர் பீட்டர் பிளேக்குக்கு மனைவி கொடுத்த சிவப்பு சாக்ஸ் ராசியாம். கையில் அடிபட்டு அவர் படகில் ஏறாத நாளில் அணி தோற்றதாம். அவ்வளவுதான், ஊரே சிவப்பு சாக்ஸ் வாங்கியது. அந்தப் பணம் அணிக்குப் போனது.

தெரிந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை போதும். மிச்சத்தைச் சொல்லாமல் விடுவதுதான் தலைப்பு போடுகிறவரின் கெட்டிக்காரத்தனம். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்த மிச்சத்தில்தான் தடுக்கி விழுவோம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அப்பா தடுக்கி விழவில்லை. ஆஸ்திரேலியாவோடு உரசல் வந்தால் 'அண்டர்ஆர்ம்' என்ற சொல் தலைதூக்கும். 1981 பிப்ரவரி 1, மெல்போர்ன் ஒருநாள் ஆட்டம். கடைசிப் பந்தில் நியூசிலாந்து சிக்ஸர் அடித்தால் டை. ஆஸ்திரேலிய அணித் தலைவர் கிரெக் சாப்பல் சொல்ல, அவர் தம்பி டிரெவர் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டார். அப்பா சமையலறையில் எலுமிச்சம்பழத்தை உருட்டி எனக்கு நடித்தே காட்டினார். கிரிக்கெட் விஷயத்தில் அவர் எந்த ஊருக்கும் புதியவர் இல்லை.

மே 14, ஞாயிறு காலை. படகுப் போட்டியில் நியூசிலாந்துக்கு 5-0 வெற்றி. தெருவெல்லாம் ஹாரன் சத்தம். அப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார்:

வெற்றியின் நிறம் சிவப்பு.

அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் விழித்தேன்.

"என்னம்மா சிரிப்பு?"

"கமல் படம்டா. வறுமையின் நிறம் சிவப்பு. தெரியாதா?"

தெரியாது. அப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மூடிவைத்துவிட்டு, "உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.