வலிக்கிற முதுகும் அசைய வேண்டும்

இருபது வயதில் இடுப்பு வலி என்று சொன்னால் வீட்டில் கிடைக்கும் முதல் அறிவுரை, "பேசாமல் படு" என்பதுதான். அக்கறையோடு சொல்வதுதான், ஆனால் மாதக்கணக்கில் விடாமல் வலிக்கும் முதுகுக்குப் படுக்கை மருந்தாகாது. 2020இல் உலகில் சுமார் 62 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த எலும்பு, இந்த டிஸ்க் என்று சுட்டிக்காட்டக்கூடிய கோளாறு எதுவும் இருக்காது. இத்தகைய நாள்பட்ட வலிக்கு முறையான உடற்பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. அந்தப் பயிற்சிகளில் இளைஞர்கள் தொடங்குவதற்கு ஏற்றது பிலாட்டீஸ் என்பது என் கருத்து.

ஜெர்மனியில் 1883இல் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் சிறுவயதில் நோஞ்சான். அவர் வகுத்த முறையில் வேகத்தைவிட நிதானத்துக்கே மதிப்பு. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, மூச்சை விட்டபடியே ஒரு காலை மட்டும் மெல்லத் தூக்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. கீழ்முதுகு வில்லாக எழும்பக்கூடாது. பார்க்க எளிதுதான். ஆனால் வயிற்றைச் சுற்றிப் பட்டைபோல் ஓடும் ஆழ்தசையும் முதுகெலும்பை ஒட்டிய சிறுதசைகளும் ஒத்துழைக்காமல் அது நடக்காது. கையை உயர்த்தும்போது இந்த ஆழ்தசை இடுப்பு வலி உள்ளவர்களுக்குத் தாமதமாக இறுகுவதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் 1996இல் பதிவு செய்தார்கள்.

அந்தத் தாமதம் வலிக்குக் காரணமா, வலியால் வந்ததா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. 10 ஆய்வுகளில் 510 பேரின் விவரங்களை அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2015ஆம் ஆண்டு அறிக்கையும், பிலாட்டீஸ் பெயரளவுச் சிகிச்சையைவிட மேல் என்றதே தவிர, மற்ற பயிற்சிகளைவிட மேல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. அப்படியானால் பிலாட்டீஸ் எதற்கு? 'குனிந்தால் பிடித்துக்கொள்ளும்' என்ற பயத்தில் உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்ளும் இளைஞருக்கு, ஓடு, எடை தூக்கு என்றால் மிரட்சிதான் வரும். சின்ன அசைவில் தொடங்கி, வலி கூடவில்லை என்று அவரே கண்டு, அடுத்த படிக்குப் போக இந்த முறை இடம் தருகிறது. ஸ்டூடியோ கட்டணம் கட்டுபடியாகாது என்பார்கள். இதற்கு இயந்திரம் தேவையில்லை. ஒரு பாயும், தொடக்கத்தில் சில முறை பார்த்துத் திருத்த ஒரு பிசியோதெரபிஸ்டும் போதும். நடையோ நீச்சலோதான் பிடிக்கும் என்றால் அதையே விடாமல் செய்யலாம்.

கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ, காலையில் முதுகு விறைப்பு தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால், வலி முழுக்கப் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயிற்சியை இந்த வாரமே தொடங்குங்கள்.