அஞ்சு வயசுல பேசிருவான்

ஜனவரி 9

ராத்திரி உறைபனி. மூணாறின் செண்டுவாரை, லெட்சுமி தோட்டங்களில் விடியும்போது புல் முழுக்க உப்புத் தூவியதுபோல் வெள்ளை. வெயில் ஏறினால் பனி போய்விடும், பனி பட்ட கொழுந்து மட்டும் கருகி நிற்கும். ஸ்வெட்டரும் தலைத்துண்டுமாகப் பெண்கள் பிள்ளைகளைக் கிரச்சில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிறார்கள். ஐம்பது பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டத்தில் கிரச் இருக்க வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். மூணாறில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலரும் முதல் வார்த்தையைச் சொன்னது இப்படியொரு அறையில்தான்.

இரண்டரை வயதுப் பையன் ஒருவன் ஆயாவின் சேலையைப் பிடித்துத் தண்ணீர்ப் பானைவரை இழுத்துப் போகிறான். பானையைக் காட்டுகிறான். வாயிலிருந்து 'ம்ம்' தவிர ஒன்றும் வரவில்லை.

"எல்லாம் தெரியுது ஆச்சி. பேச்சுத்தான் வரல" என்கிறாள் ஆயா.

"இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான். அஞ்சு வயசுல பேசிருவான் பாரு" என்கிறார் அவனைக் கொண்டுவந்து விட்ட பாட்டி. வசம்பைச் சுட்டு, தேனில் குழைத்து நாக்கில் தடவியாயிற்று. திருச்செந்தூருக்கு நேர்ச்சையும் போட்டாயிற்று.

அந்த 'அஞ்சு வயசு' எங்கிருந்து வந்தது என்று நெல்லைச் சீமையிலிருந்து வந்த எவரும் சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை. பெற்றோர் அவரைத் திருச்செந்தூர் சந்நிதியில் கிடத்தினார்கள். பிள்ளை எழுந்து கந்தர் கலிவெண்பா பாடியது. பொருநைக் கரையிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்களின் மூட்டைகளோடு அந்தக் கதையும் இந்த மலை ஏறியிருக்க வேண்டும். பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கும் தாய்க்கு அதைவிட ஆறுதலான கதை இல்லை. அதை யாரும் அவளிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

ஆனால் மருத்துவத்தின் கணக்கு வேறு. ஒரு வயதையொட்டி முதல் சொல் வரும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரு சொல் சேரும். சேராத பிள்ளைகளில் கணிசமானோர் தாமே பின்னால் எட்டிப் பிடித்துவிடுவார்கள். பிடிக்காமல் போகப்போவது யார் என்று அந்த வயதில் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் முதலில் காதைச் சோதிக்கச் சொல்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, விரல் நீட்டிக் காட்டுகிறானா, சொன்னது புரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். இதையெல்லாம் தினமும் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பவள் கிரச் ஆயாதான். டாக்டர் பத்து நிமிடத்தில் பார்ப்பதைவிட அவள் பார்ப்பது அதிகம். அவளிடம் கேட்பவர்கள்தான் இல்லை.

காது கேளாமல் பிறந்த பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்துதரும் 'ஸ்ருதிதரங்கம்' திட்டத்தைக் கேரள அரசு 2012இல் தொடங்கியது. பிறந்தது முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கானது அது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் காத்திருப்பு முடிகிற அதே வயதில் அந்தக் கதவு சாத்தப்படுகிறது.

ஜூன் 4

பள்ளிக்கூடம் திறந்து சில நாள்தான் ஆகிறது, மழையும் கூடவே வந்துவிட்டது. குடைக்குள் மூன்று பிள்ளைகள் வீதம் போகிறார்கள்.

இங்கே ஒரு பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் கடையிலும் மலையாளம், கழுத்துப்பட்டை கட்டிய பள்ளியில் ஆங்கிலம். தேவிகுளம் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. இருந்தாலும் பிள்ளை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படித்தால்தான் கேரளத்தில் வேலை என்று நினைக்கும் பெற்றோர் ஏராளம். பேச்சு பிந்திய பிள்ளையைப் பார்த்தவுடன் ஊர் சொல்லும் தீர்ப்பு இதுதான்: "மூணு பாஷையைக் கேட்டுக் குழம்பிட்டான்." படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்ற அறிவுரையும் கூடவே வரும்.

அந்தத் தீர்ப்பு தவறு. இருமொழிச் சூழலில் வளர்வது மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. குறைபாடு இருந்தால் அது பிள்ளையின் எல்லா மொழிகளிலும் தெரியும். தாய்மொழியை நிறுத்தினால் பாட்டியோடு பேசும் வழியும் அடைந்துபோகும், அவ்வளவுதான் நடக்கும்.

வேறு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாமல், சொல்லைப் பிடிப்பதும் வாக்கியம் அமைப்பதும் மட்டும் கடினமாக இருக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஏழு பேர் என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று அதற்குப் பெயர். முப்பது பேர் உட்காரும் வகுப்பில் இரண்டு பேர். அந்த இருவரும் 'மந்தம்', 'கவனமில்லை', 'வாய் திறக்க மாட்டான்' என்ற பெயர்களோடு கடைசி பெஞ்சில் இருப்பார்கள். "புத்தகத்தை மூடிவிட்டு நோட்டை எடுத்து மூன்றாம் கணக்கைப் போடு" என்றால் முதல் பாதி மட்டும் எட்டும். புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா இருப்பான். அடி விழும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நெல்லைத் தமிழில் மழை 'மள', பழம் 'பளம்'. லயத்துப் பிள்ளை அப்படிச் சொன்னால் அது அவன் ஊர்ப் பேச்சு. அதற்கு வைத்தியம் எதற்கு? மலையாளம் மட்டும் தெரிந்தவர் படத்தைக் காட்டி 'இது எந்தா?' என்று கேட்க, பிள்ளை 'பலாப்பளம்' என்கிறது. அவர் எதிர்பார்த்தது 'சக்க'. எதைப் பிழை என்று குறிப்பார்? வித்தியாசத்தைக் குறைபாடாக எழுதிவிடலாம், குறைபாட்டை வித்தியாசம் என்று விட்டுவிடவும் செய்யலாம். இரண்டாலும் நஷ்டம் பிள்ளைக்கே.

சளி பிடித்தால் காது ஒழுகும் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். 'காது சீழ் வடியுது, தானா காஞ்சிரும்' என்று விட்டால், பேச்சைப் பிடிக்க வேண்டிய மாதங்களில் அந்தப் பிள்ளை பாதிச் சத்தத்தோடு வாழ்கிறது.

ஜூலை 21

மண் சரிந்து கேப் ரோடு மூடல். தேனி போகும் பஸ் இல்லை.

பேச்சுப் பயிற்சி என்பது ஒரு ஊசியோடு முடிகிற வேலை இல்லை. வாரம் ஒருமுறையாவது, மாதக்கணக்கில் போக வேண்டும். கொச்சிக்கு 130 கிலோமீட்டர். தேனிக்கு அதைவிடக் குறைவு, ஆனால் வேறு மாநிலம். கேரளத்து நலத்திட்ட அட்டை அங்கே பயன்படுமா என்ற கேள்வி கூடவே வரும். ஒரு பயிற்சிக்கு ஒரு நாள் கூலி போகும், கொழுந்து கூடுதலாக எடுத்தால் கிடைக்கும் காசும் போகும். நான்காவது வாரம் தாய் வராமல் நின்றுவிட்டால் அவளை யாரும் குறைசொல்லக் கூடாது.

செப்டம்பர் 14

ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கை மடங்கியே இருக்கிறது. 'கைகால் விழுந்துருச்சு' என்று ஊர் அறியும். பேச்சு என்ன ஆயிற்று என்பதற்குத்தான் ஊரிடம் வார்த்தை இல்லை. 'புத்தி பேதலிச்சுருச்சு' என்கிறார்கள்.

புத்தி அப்படியே இருக்கிறது. தண்ணீர் வேண்டும் என்றால் செம்பைப் பார்க்கிறார், வாய் 'க… கத…' என்று தடுமாறி 'கதவு' என்று முடிகிறது. தவறென்று அவருக்கே உடனே தெரிகிறது. நெற்றியில் அடித்துக்கொள்கிறார். மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் சொல் இப்படித் தொலையும். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா ஆராய்ந்த நோயாளி 'டான்' என்ற ஒரே ஒலியைத்தான் சொல்ல முடிந்தவர். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்துத்தான் பேச்சுக்கான இடத்தைப் புரோக்கா சுட்டினார். அஃபேசியா எனப்படும் இந்தப் பேச்சிழப்பு பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வாய் கோணுவதையும் பேச்சு குழறுவதையும் 'காத்து அடிச்சிருக்கு' என்று எண்ணி விடியும்வரை பார்த்தால், இந்த வளைவுச் சாலைகளில் அந்த நேரம் கரைந்துவிடும்.

அவர் வீட்டில் ஓர் அதிசயம் உண்டு. மகள் ஒன்று, இரண்டு என்று தொடங்கினால் அவர் இருபதுவரை எண்ணிவிடுவார். பழைய பாட்டு எதையாவது எடுத்துக் கொடுத்தால் சொல் பிசகாமல் பாடுவார். "பாடுறாரு, ஆனா தண்ணி கேக்கத் தெரியல. நடிக்கிறாரோன்னு அம்மா சண்டை போடுது" என்கிறாள் மகள். நடிப்பில்லை. பழகிப்போன எண்ணும் பாட்டும் வசவும் பேச்சிழந்தவர்களிடம் மிஞ்சி நிற்பது மருத்துவம் நன்றாக அறிந்த ஒன்று. 1973இல் பாஸ்டனில் மார்ட்டின் ஆல்பர்ட்டும் அவரோடு வேலை செய்த இருவரும் இதை வைத்தே ஒரு பயிற்சியை வகுத்தார்கள். 'தண்ணி வேணும்' என்பதை ராகம் போட்டு, இடக்கையால் தாளம் தட்டிச் சொல்ல வைப்பது. எல்லோருக்கும் அது பலன் தருவதில்லை. மகளிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்த ராகத்துல?"

அக்டோபர் 22

உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாள். மூணாறில் ஒரு போஸ்டரும் இல்லை.

பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் திக்குகிறார். ஆண்கள் அதிகம். பயந்ததால் வந்தது, யாரையோ பழித்துக் காட்டியதால் ஒட்டிக்கொண்டது என்பதெல்லாம் கதை. பரம்பரையும் மூளை பேச்சை ஒழுங்கு செய்யும் விதமும்தான் அடிப்படை. திக்குபவர் வராத சொல்லைத் தவிர்த்து வேறு சொல்லுக்குத் தாவுவார். மாட்டுப்பட்டி என்ற சொல்லின் 'மா'வில் நாக்கு நின்றுபோகும் ஒருவர், காசு கூடினாலும் டாப் ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்து வழியில் இறங்கிக்கொள்வார். தன் பெயரை மட்டும் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் பெயர் சொல்ல வேண்டிய அந்த ஒரு நொடிக்காக விடிகாலையிலிருந்தே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கேரளத்தின் முதல் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கிப் பேசியவர். எப்போதும் திக்குவீர்களா என்று ஒரு நிருபர் கேட்டாராம். இல்லை, பேசும்போது மட்டும்தான் என்றாராம். 1957 ஏப்ரலில் அவர் பதவியேற்றார். அவர் கட்சிக்காகத் தேவிகுளம் தொகுதியில் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்றாகி, 1958 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. பெரும்பான்மை நூலிழையில் நின்ற ஆட்சிக்கு அந்த ஒரு இடம் பெரிது. வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். மலைக்கு அந்தப்புறம், பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் வந்தார். இளையராஜாவின் அண்ணன். லயம் லயமாகப் போய்த் தமிழில் பாடினார். ரோசம்மா மறுபடி வென்றார். வெற்றியின் பெருமை பாவலரின் பாட்டுக்கே என்று இ.எம்.எஸ். பாராட்டியதாகச் சொல்வார்கள்.

திக்குபவர்கள் பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரலாற்றைப் படித்தால் மனம் நெகிழ்கிறது. ஆனால் அதைவிட முக்கியமானது வேறொன்று. அந்த மனிதர் திக்கித் திக்கிப் பேசியதைக் கேட்க ஒரு மாநிலமே பொறுமையாக உட்கார்ந்திருந்தது. சொல்லை இடையில் பிடுங்கி முடித்துக் கொடுக்கவில்லை. மூணாறில் ஒரு வகுப்பறையில் திக்கும் பையனுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கிறதா?

நவம்பர் 16

1801இல் இதே நாளில் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையைத் தூக்கிலிட்டார்கள். கட்டபொம்மனின் தம்பி. இயற்பெயர் குமாரசாமி. அது எத்தனை பேருக்குத் தெரியும்? அவரிடம் பேச்சு இல்லாததையே பெயராக்கி வைத்துக்கொண்டோம். அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்பில் அவரை வியந்து எழுதியிருக்கிறார். வைக்கோல் துண்டுகளை உள்ளங்கையில் வைப்பாராம், அவை வெள்ளையர் படை. மறுகையால் ஒரே வீச்சில், வாயால் ஒரு சீறலோடு, தட்டிவிடுவாராம். தாக்குதலுக்கு உத்தரவு அது. படை புரிந்துகொண்டது.

வாய் தராததைக் கையும் படமும் தரும். சென்னையில் அஜித் நாராயணன் குழு உருவாக்கிய 'ஆவாஸ்' இப்போது டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் குரலாகப் பேசுகிறது. அட்டையில் ஒட்டிய நான்கு படங்களிலும் அதே வேலையைத் தொடங்கலாம்: தண்ணீர், பசி, வலி, கழிப்பறை. படம் கொடுத்தால் பிள்ளை பேசவே முயலாது என்று பயப்படுகிறார்கள். படம் காட்டுவது பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் சொல்லவில்லை.

2011 கணக்கெடுப்பில் பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளில் பேச்சும் மொழியும் ஒன்று. நிரந்தரக் குறைபாடு, உடல் அல்லது நரம்புக் காரணம் என்கிறது அதன் வரையறை. குரல்வளையை எடுத்தவருக்கும் பேச்சிழந்தவருக்கும் அதில் இடம் தெளிவு. கடைசி பெஞ்சுப் பையனை அந்த வரையறைக்குள் கொண்டுவருவது கடினம். பெரும்பாலான சலுகைகள் 40 சதவீதச் சான்றிதழுக்குப் பின்னால் இருக்கின்றன.

தோட்டக் குடும்பங்களின் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக மூணாறில் 1991இல் தொடங்கியது ஸ்ருஷ்டி அமைப்பு. வளர்ந்தவர்கள் அங்கே இலையிலிருந்தும் பட்டையிலிருந்தும் சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்றுகிறார்கள், காகிதம் செய்கிறார்கள். பேச்சு குறைந்தவரின் கைகளுக்குச் சம்பளம் கிடைக்கிறது. மலையில் இப்படி இன்னும் நான்கு இடம் வேண்டும்.

டிசம்பர் 20

ஜனவரியில் சேலையைப் பிடித்து இழுத்த பையனைக் கடைசியில் தேனிப் பக்கம் கூட்டிப்போனார்கள். ஆயா வற்புறுத்தித்தான் ஆச்சி சம்மதித்தார், திருச்செந்தூருக்கும் போவோம் என்ற உறுதிமொழியோடு. காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மணியைக் கிண்ணத்தில் போடச் சொன்னார்கள். போட்டான். மிக மெல்லிய சத்தத்துக்கும் போட்டான். ஆச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு மணிகளை எண்ணினார்.

காது சரி. இனி மொழிப் பயிற்சி. வாரம் ஒருமுறை வர முடியாது என்று ஆச்சி சொன்னதும், பயிற்சியாளர் வீட்டில் செய்ய வேண்டியதைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். கேள்வி கேட்டு நச்சரிக்க வேண்டாம். அவன் பார்ப்பதைப் பெயர் சொல்லுங்கள், ஒரே சொல். பிறகு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள்.

திரும்பும் பஸ் போடிமெட்டு வளைவுகளில் ஏறியது. ஜன்னலோரம் சுவர்மேல் ஒரு குரங்கு.

"கொரங்கு" என்றார் ஆச்சி. சேலைத் தலைப்புக்குள் ஒவ்வொரு விரலாக மடக்கத் தொடங்கினார்.