பிக்சர் டியூப்பின் முதுகு

வால்யூம் பட்டன் செத்துப்போன ஒரு ரிமோட், ஒரு சின்னக் குப்பி மின்கடத்தும் பெயிண்ட். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினேன். ஜி.எஸ்.டி. சாலையின் ஹார்ன் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் பழைய டிவி மெக்கானிக் கடை. பெயிண்டைக் காட்டி அவரை அசத்திவிடலாம் என்றுதான் போனேன்.

மூடியைத் திறந்து பார்த்தார். "கார்பன்தானே சார்?" என்றவர், மூலையில் கிடந்த அரசு கலர் டிவி ஒன்றைத் திருப்பினார். பிக்சர் டியூப்பின் பின்பக்கக் கண்ணாடியில் மங்கலான கருப்புப் பூச்சு. அதை ஒட்டி ஒரு செம்புப் பின்னல் கம்பி. "இது எதுக்குன்னு நினைச்சீங்க, அழகுக்கா?"

அக்வாடாக். எட்வர்ட் அச்செசன் என்ற அமெரிக்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கிராஃபைட் குழம்பு. டியூப்பின் வெளியே ஒரு பூச்சு, உள்ளே ஒரு பூச்சு, நடுவில் கண்ணாடி. சேர்ந்தால் அதுவே ஒரு கெப்பாசிட்டர். 20,000 வோல்ட் அளவுக்கு ஏறும் மின்சாரத்தைச் சீராக்குவது அதன் வேலை. (டிவியை அணைத்த பிறகும் அது அடிக்கும், கை வைக்காதீர்கள்.) 2006க்குப் பிறகு தமிழக அரசு கொடுத்த 14 அங்குல டிவிகளோடு இந்தப் பெயிண்டும் வீடு வீடாக வந்து இறங்கியிருக்கிறது. முதுகுப் பக்கத்தை யார் பார்த்தோம்?

ரிமோட்டைப் பிளந்தார். ரப்பர் பட்டனின் அடியில் இருக்கும் கார்பன் பொட்டு தேய்ந்து வெளுத்திருந்தது. "முன்னல்லாம் சிகரெட் பாக்கெட் ஜிகினாப் பேப்பரை வெட்டி ஒட்டுவோம். பென்சிலும் தேய்ப்போம், கொஞ்ச நாள் ஓடும்." துடைப்பக் குச்சி நுனியால் என் பெயிண்டில் ஒரு சொட்டு எடுத்துப் பொட்டு வைத்தார். டீ குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. மல்டிமீட்டர் சில நூறு ஓம் காட்டியது. ரிமோட்டுக்கு அது போதும்.

அங்கே வேலை பழகிக்கொண்டிருந்த ஓர் இன்ஜினியரிங் மாணவர் அட்டையில் கோலம் போட்டு எல்.இ.டி. எரிய வைத்திருந்தார். கிராஃபைட் பொடியையும் ஃபெவிகாலையும் குழைத்த சொந்தத் தயாரிப்பு. பசை கூடினால் துகள்கள் ஒன்றையொன்று தொடாது, விளக்கு எரியாது. அந்தப் பதம் பிடிக்க அவருக்கு ஐந்தாறு அட்டை வீணானதாம்.

"ஒயர் இருக்கும்போது பெயிண்ட் எதுக்குடா?" என்று சிரித்தார் மெக்கானிக். கணக்கும் அவர் பக்கம்தான். லண்டன் கலைக்கல்லூரி மாணவர்கள் 2009இல் தொடங்கிய பேர் கண்டக்டிவ் நிறுவனத்தின் பெயிண்டுக்கே, மெல்லிய பூச்சில் ஒரு சதுரத்துக்கு 55 ஓம் தடை. 5 மி.மீ. அகலத்தில் 10 செ.மீ. கோடு இழுத்தால் வரிசையாக 20 சதுரம், அதாவது 1,100 ஓம். 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்.இ.டி. எரியும், மோட்டார் அசையக்கூட அசையாது.

ஆனால் டீ கொட்டிய கீபோர்டைத் திறந்தபோது அவரே சிரிப்பை நிறுத்தினார். பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த தடம் அரித்துப்போயிருந்தது. சால்டரிங் அயர்னை வைத்தால் தாள் உருகிவிடும். ஒயரால் ஆகாத வேலை அது. அந்த இடத்துக்குத்தான் இந்தப் பெயிண்ட். இன்னும் நன்றாகக் கடத்த வேண்டுமானால் வெள்ளி கலந்தது.

வாங்கி விளையாடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு 230 வோல்ட் லைனில் இந்தக் கோடு சூடாகிக் கருகும். மேலே காப்பும் கிடையாது, தொட்டால் ஷாக் அடிக்கும்.